முழுகின பிறகும் முழுகாமல் இருந்தனான்

எங்கட பக்கத்தில ஒரு பொம்பிளை பிள்ளைத்தாச்சி எண்டால் "அவா முழுகாமல் இருக்கிறா" எண்டு தான் சொல்லுவினம், மாசா மாசம் சுகமில்லாமல் வந்து தலை முழுகிற ஆள் இந்த மாசம் முழுகேல்லை எண்டால் வயித்தில பிள்ளை எண்டது அம்மம்மா காலத்துக் கணக்கு. நானும் அந்தக் கணக்கை அப்பிடியே நம்பித்தான் இருந்தனான், ரத்தம் பட்டிட்டுது, முழுகிட்டன், அப்ப ஒண்டுமில்லை எண்டு. போன வருசம் நான் முழுகின பிறகும் எனக்குள்ள ஒரு கரு இருந்தது, அதுவும் இருக்கக்கூடாத இடத்தில. இதை எழுதோணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டு இருந்தனான், வீட்டில கதைக்கிறதுக்கே வெக்கப்படுற விசயம் எண்டதால தள்ளித் தள்ளிப் போச்சு, ஆனா போன கிழமை ஒஃபிஸில ஒரு தங்கச்சி "அக்கா பிரெக்னன்சி ரெஸ்ட் நெகட்டிவ், ஆனா நாள் தள்ளிப் போகுது, கொஞ்சமா ரத்தமும் படுது, என்ன செய்ய" எண்டு கேட்டவுடன இனியும் பேசாமல் இருக்கக்கூடாது எண்டு இருந்து எழுதுறன்.

எனக்கு 31 வயசு, யாழ்ப்பாணத்தில கொக்குவில், கலியாணம் முடிச்சு அப்ப ரெண்டு வருசம். எனக்கு சின்னனில இருந்தே பீரியட் ஒழுங்கில்லை, ஒருக்கா 32 நாளில வரும், அடுத்தது 38, ஒருக்கா 45 நாளும் போனது. அம்மாட்டச் சொன்னால் "உனக்கு எப்பவும் உப்பிடித்தானே, பிள்ளை பிறந்தால் சரிவரும்" எண்டுவா. அதால நாள் தள்ளினாலும் நான் பெருசா எடுக்கிறேல்லை, திகதி எழுதி வைக்கிற பழக்கமும் இல்லை. அது தான் முதல் பிழை, பின்னால வருது.

நல்லூர்த் திருவிழாவுக்கு அடியழிக்கிறன், ஒவ்வொரு அடிக்கும் விழுந்து கும்பிட்டுப் போறன் எண்டு நேர்த்தி வைச்சிருந்தனான். 25 நாள் திருவிழா, 24ம் நாள் தேர், தேருக்கும் தீர்த்தத்துக்கும் இடையில வந்திட்டால் ஒரு வருசம் பொறுக்கோணும். எங்கட ஊரில இதுக்காகக் குளிசை போடாத பொம்பிளையள் குறைவு, கலியாணவீடு, அந்தியேட்டி, கோயில் எண்டால் உடன பாமசிக்குப் போய் "தள்ளிப்போடுற குளிசை" எண்டு கேக்கிறது தான். நானும் ஒரு பாமசியில கேட்டன், அந்தப் பெடியன் நோர்எதிஸ்டெரோன் காட்டை வெட்டிக் கடதாசியில சுத்தித் தந்தான், நாளுக்கு மூண்டு எண்டு மட்டும் சொன்னான். பிள்ளை தங்கியிருக்கச் சான்ஸ் இருக்கோ, முந்திக் கால்ல ரத்தக்கட்டி வந்ததோ, வேற மருந்து எடுக்கிறீங்களோ எண்டு ஒரு கேள்வியும் இல்லை. நானும் ஒண்டும் கேக்கேல்லை, கியூவில பின்னுக்கு ஆம்பிளையள் நிண்டவை.

அந்தக் குளிசை வாற நாளுக்கு மூண்டு நாள் முன்னம் தொடங்கோணும். ஆனா நாளே ஒழுங்கில்லாத ஆளுக்கு வாற நாள் எது? நான் 32ம் நாள் வரும் எண்டு ஒரு மதிப்பில தொடங்கினனான், தேர் அலைச்சலில ரெண்டு மூண்டு நேரம் போடவும் மறந்தனான். நிப்பாட்டி ரெண்டு மூண்டு நாளில ரத்தம் வரோணும், வராட்டி ரெஸ்ட் பண்ணிப் பாக்கோணும், இது பிள்ளை தங்காமல் தடுக்கிற குளிசை இல்லை எண்டது எல்லாம் எனக்கு எல்லாம் முடிஞ்ச பிறகு தான் தெரியும். ரத்தக்கட்டி வந்த ஆக்களுக்கு இது ஆபத்து எண்டதும் அப்பிடித்தான்.

தீர்த்தம் முடிஞ்சு ரெண்டாம் நாள் ஒஃபிஸால வந்து பின்னேரம் பிரெக்னன்சி ரெஸ்ட் பண்ணினன். சரியான வெயில், அண்டைக்கு ரெண்டு போத்தில் தண்ணி குடிச்சிருந்தன், சலம் பச்சைத்தண்ணி மாதிரி இருந்தது. ஸ்ட்ரிப்பை வைச்சிட்டு அடுப்பில தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சு வந்து பாத்தால் ஒரு கோடு தான், நெகட்டிவ். அடுத்த நாள் விடியப் பாத்தால் கொஞ்சம் றோஸும் மண்ணிறமுமா ரத்தம். சரி, வந்திட்டுது எண்டு மனசில ஒரு கவலையோட மூண்டாம் நாள் தலை முழுகினன். எனக்கு எப்பவும் அஞ்சு நாள், முதல் ரெண்டு நாளும் நாரி நோவில நிமிர ஏலாது, பாட் மாத்தி மாத்திக் களைச்சுப் போவன். இந்த முறை ஒரு பாட்டே நாள் முழுக்கக் காணும், நாரி நோகவே இல்லை. அந்த வித்தியாசத்தைப் பாத்தும் நான் யோசிக்கேல்லை, "குளிசை போட்டபடியால் குறைவா வந்திருக்கு" எண்டு நானே பதிலும் சொல்லிட்டன்.

ஏன் அந்த நெகட்டிவ் பிழைச்சது எண்டதை இப்ப விளங்கின மாதிரிச் சொல்லுறன், ஏனெண்டால் கனபேர் இதில தான் ஏமாறுறது. ஸ்ட்ரிப் பாக்கிறது ஹெச்சிஜி எண்ட ஹோர்மோனை. முட்டை வந்து, கரு உண்டாகி, அது போய் ஒட்டினாப் பிறகு தான் அந்த ஹோர்மோன் வரத் தொடங்கும், முட்டை வெளிவந்து ஒட்டுறதுக்கே 6 தொடக்கம் 12 நாள் மட்டில போகும், பிறகு அது ரெண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கா இரட்டிச்சு இரட்டிச்சுப் போய்த்தான் ஸ்ட்ரிப் பிடிக்கிற அளவுக்கு வரும், கடையில விக்கிற கனக்க ஸ்ட்ரிப்புகள் 25 யூனிற் மட்டில இருந்தால் தான் காட்டும். 28 நாள் ஆளுக்கு முட்டை 14ம் நாள் மட்டில வரும், 42 நாள் போற ஆளுக்கு அது 28ம் நாள் மட்டில தான் வரும், ஏனெண்டால் முட்டை வந்ததில இருந்து பீரியட் வரைக்கும் தான் ஏறத்தாழ 14 நாள், நீளுறது அதுக்கு முன்னால உள்ள பகுதி. அப்ப என்னை மாதிரி ஆள் "நாள் தள்ளிட்டுது" எண்டு 33ம் நாள் ரெஸ்ட் பண்ணினால் சில நேரம் உள்ளுக்க கரு ஒட்டியே இருக்காது. ஸ்ட்ரிப் பொய் சொல்லேல்லை, அண்டைக்குத் தண்ணி கனக்கக் குடிச்சு ஐதாப் போன அந்தச் சலத்தில ஹோர்மோன் காட்டுற அளவுக்கு இல்லை எண்டு தான் சொன்னது.

அதால நாள் ஒழுங்கில்லாத ஆக்கள் பீரியட் திகதியை விட்டிட்டு, தடுப்பு ஒண்டும் இல்லாமல் புருசனோட ஒண்டா இருந்த கடைசி நாளில இருந்து 21 நாள் எண்ணுங்கோ. 21 நாள் கழிச்சு, விடிய எழும்பின முதல் சலத்தில பாத்து நெகட்டிவ் எண்டால் அது நம்பக்கூடிய நெகட்டிவ். அதுக்கு முதல் பாத்து நெகட்டிவ் வந்தால் ஒரு கிழமை விட்டுத் திரும்பப் பாக்கோணும், இடையில ஒவ்வொரு நாளும் பாத்துக் காசையும் நித்திரையையும் கெடுக்கத் தேவையில்லை.

செப்டெம்பர் நடுப்பகுதியில திரும்ப மண்ணிறமா படத் தொடங்கிச்சுது, ஒரு நாள் படும், ஒரு நாள் இல்லை, ஆறு நாள் இழுத்தது. வலப்பக்க அடிவயித்தில ஒரு நோ, பெருசா இல்லை, பஸ்ஸில குலுக்கினால் தெரியும். மாமி "உடம்புச் சூடு பிள்ளை, வெந்தயம் ஊறவைச்சுக் குடி" எண்டா, அவா அன்பாத்தான் சொன்னவா, நானும் ரெண்டு நாள் குடிச்சன். மூண்டு கிழமையில திரும்ப வந்திட்டுதே, குளிசை எல்லாத்தையும் குழப்பிட்டுது போல எண்டு தான் நினைச்சன்.

என்னைக் காப்பாத்தினது எங்கட மிட்வைஃப் அக்கா. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பாக்க ஸ்கூட்டியில வந்தவா, மதிலுக்கு மேலால என்னைக் கண்டிட்டு "என்ன பிள்ளை, முகம் வெளிறிப் போயிருக்கு" எண்டா. இப்பிடி இப்பிடி எண்டு சொன்னன். அவா கேட்டது ஒரு கேள்வி தான், "கடைசியா வடிவா வந்தது எப்ப?" நான் தீர்த்தத்துக்குப் பிறகு வந்தது எண்டன். "அது வடிவா வந்ததோ? எத்தினை பாட்? எத்தினை நாள்? நாரி நொந்ததோ?" எண்டு கேக்கக் கேக்க எனக்கே விளங்கிச்சுது. "நாளைக்கு விடிய எழும்பினவுடன பார், பாத்திட்டு எனக்கு கோல் எடு, நான் வேலையா இருந்தாலும் எடுப்பன்" எண்டிட்டுப் போனா.

அடுத்த நாள் விடியப்புறம் அஞ்சரைக்கு எழும்பினன். இந்த முறை உறையில காலாவதித் திகதி பாத்தன், உறையை அந்த நேரம் தான் கிழிச்சன், அம்புக்குறிக்குக் கீழ இருக்கிற கோட்டுக்கு மேல நனையாமல் வைச்சன், ஃபோனில அஞ்சு நிமிசம் டைமர் போட்டன். நனைஞ்சது மெல்ல மெல்ல மேல ஏறுறது தெரியும், சிவப்பு ஒரு மேகம் மாதிரிப் போகும், ஸ்ட்ரிப் வேலை செய்யுது எண்டு காட்டுற, மேல இருக்கிற சீ (C) கோடு முதல் நல்ல கடும் றோஸா வந்தது. கீழ, பிள்ளை தங்கினால் கோடு வாற ரீ (T) இருக்கிற இடத்தில ஒண்டும் இல்லை எண்டு தான் நினைச்சன், ஜன்னல் வெளிச்சத்தில சரிச்சுப் பிடிச்சால் பென்சிலால கீறி அழிச்ச மாதிரி ஒரு மெல்லிய றோஸ் கோடு. இவரை எழுப்பிக் காட்டினால் "எனக்கு ஒண்டும் தெரியேல்லையே அப்பா" எண்டார். படம் எடுத்து மிட்வைஃப் அக்காக்கு அனுப்பினன், அஞ்சு நிமிசத்துக்குள்ள வந்த கோடு மெல்லிசோ தடிப்போ கோடு கோடு தான், இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, ரத்தம் படுறதும் ஒரு பக்கம் நோகிறதும் கட்டாயம் சொல்லு எண்டு எழுதினா.

இதில ஒரு விசயம், பத்து நிமிசம் தாண்டிப் பாத்தால் சிலதில சாம்பல் நிறத்தில ஒரு அடையாளம் தெரியும், அது காய்ஞ்ச தடம், அதைப் பாத்து சந்தோசப்படவும் கூடாது அழவும் கூடாது. சீ கோடு வராட்டி அந்த ஸ்ட்ரிப்பே பிழை, புதுசு எடுக்கோணும். பரசிற்றமோலோ அன்ரிபயோற்றிக்கோ குடிச்சால் ரெஸ்ட் மாறும் எண்டு கனபேர் சொல்லுவினம், மாறாது. பிள்ளைக்காக ட்ரீட்மென்ட் எடுக்கிற ஆக்களுக்குப் போடுற ஹெச்சிஜி ஊசி தான் மாத்தும், அந்த ஊசி போட்டவை டொக்டர் சொல்லுற நாளுக்கு முதல் பாத்தால் பொய்க்கோடு வரும். கரு கலைஞ்ச பிறகும் சில கிழமைக்குக் கோடு காட்டிக்கொண்டு இருக்கும்.

பெரியாஸ்பத்திரியில டொக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதே தான், கடைசிப் பீரியட்டின்ர முதல் நாள் எப்ப. எங்கட குசினிக் கலண்டரில காஸ் சிலிண்டர் மாத்தின திகதி இருக்கு, கரண்ட் பில் கட்டின திகதி இருக்கு, பால்காரருக்குக் குடுத்த காசு இருக்கு, என்ர திகதி ஒண்டும் இல்லை. யோசிச்சு யோசிச்சு, ஆடிப்பிறப்பண்டு மாமி கூழ் காச்சேக்க நான் வயித்துக்குத்தில படுத்திருந்தது நினைவு வந்தது, கூழை இவர் அறைக்குள்ள கொண்டுவந்து தந்தவர். அப்ப ஜூலை 17 எண்டு சொன்னன். அந்தக் கணக்கில ஒன்பது கிழமை, நாள் ஒழுங்கில்லை எண்டதால ஏழு எண்டு வைச்சாலும் ஸ்கானில கருப்பையுக்குள்ள பை தெரிஞ்சிருக்கோணும். ஒண்டும் இல்லை. கருப்பைக்கு முட்டை வாற வலப்பக்கக் குழாய்க்குக் கிட்ட ஒரு சின்னக் கட்டி மாதிரித் தெரியுது எண்டு சொன்னா.

ரத்தத்தில ஹெச்சிஜி பாத்தால் 860. ஸ்ட்ரிப் இருக்கு இல்லை எண்டு மட்டும் தான் சொல்லும், ரத்தப் பரிசோதனை எவ்வளவு எண்டு சொல்லும், அதோட ஒருக்காப் பாத்து முடிவெடுக்க ஏலாது, 48 மணித்தியாலம் கழிச்சுத் திரும்பப் பாத்து ஏறுற வேகத்தைப் பாக்கோணும். நல்லா வளருற கரு எண்டால் அந்த ரெண்டு நாளில நல்லா ஏறியிருக்கும், எனக்கு 1010 தான். குழாயில தங்கின கரு எண்டு உறுதியாச் சொல்லிச்சினம்.

அண்டைக்கு நான் அழுததை எழுதேல்லை. பக்கத்துக் கட்டில் அம்மா ஒராள், ஆர் எண்டே தெரியாது, எழும்பி வந்து என்ர தலையைத் தடவிக்கொண்டு இருந்தவா.

நேரத்துக்கு வந்தபடியால், குழாய் வெடிக்கேல்லை, நோ குறைவு, அளவும் குறைவு எண்டதால ஒப்பரேசன் இல்லாமல், கரு வளருறதை நிப்பாட்டுற மெத்தோட்ரெக்சேட் எண்ட ஊசி போட்டவை. ரத்த வகையும் கேட்டவை, நெகட்டிவ் வகை ஆக்கள் அதைக் கட்டாயம் சொல்லோணும், சிலருக்கு வேற ஊசியும் தேவைப்படலாம். நாலாம் நாள் பாத்தால் அளவு கூடியிருந்தது, நான் நடுங்கிப் போனன், ஊசி போட்டு முதல் சில நாள் ஏறுறது வழமை தான், நாலாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில 15 வீதமாவது இறங்கினால் போதும் எண்டு விளங்கப்படுத்திச்சினம், இறங்கிச்சுது. பிறகு கிழமைக்கு ஒருக்கா ரத்தம் குடுத்து 5க்குக் கீழ வர ஆறு கிழமை போச்சு. அந்தக் காலம் பிள்ளைக்காகப் போடுற ஃபோலிக் அசிட் விற்றமினை நிப்பாட்டோணும், அது ஊசியின்ர வேலையைத் தடுக்கும், மூண்டு மாசத்துக்குப் பிள்ளை தங்கவும் கூடாது.

டொக்டர் சொன்னதில என்னை இண்டைக்கும் உலுக்கிறது என்னெண்டால், குழாய் வெடிச்சால் ரத்தம் உள்ளுக்க தான் போகும், வெளியில ரெண்டு துளி மட்டும் தெரியலாம். அப்ப வெளியில படுற அளவைப் பாத்து "கொஞ்சம் தானே" எண்டு இருக்க ஏலாது. ரெஸ்ட் பொசிட்டிவ் ஆன ஆளுக்கோ, நாள் தள்ளின ஆளுக்கோ ஒரு பக்க வயித்து நோ, தோள்மூட்டு நுனியில நோ, தலைச்சுத்து, மயக்கம் வந்தால் விடியட்டும் எண்டு பொறுக்காதேங்கோ, 1990க்கு அடிச்சால் அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வரும், காசும் இல்லை. மணித்தியாலத்துக்கு ஒரு பாட் முழுசா நனையிற அளவுக்குப் பட்டாலும் அப்பிடித்தான்.

இதை வாசிச்சு முழுகாமல் இருக்கிற ஆராவது பயப்படவேண்டாம். முதல் மூண்டு மாசத்தில நாலு பேரில ஒராளுக்கு மட்டில கொஞ்சம் ரத்தம் படும், கனபேருக்குப் பிள்ளை சுகமாப் பிறக்கும். என்ர மச்சாளுக்கு ரெண்டு மாசத்தில பட்டது, அவாவின்ர மகள் இப்ப ரெண்டாம் வகுப்பு. பட்டால் ஒருக்காப் போய்க் காட்டி, பிள்ளை எங்க இருக்கு எண்டு பாத்திட்டு நிம்மதியா இருக்கலாம் எண்டு தான் சொல்லுறன்.

ரெஸ்ட் நெகட்டிவ், ஆனா வரவும் இல்லை எண்டால் கர்ப்பம் இல்லாமலே கனக்கக் காரணம் இருக்கு. பரீட்சை நெருக்கடி, இரவு வேலை, கவலை, திடீரெண்டு உடம்பு மெலிஞ்சது கூடினது, தைரொயிட், பீசிஓஎஸ் எண்ட, முட்டை ஒழுங்கா வெளிவராத ஹோர்மோன் குழப்பம். எனக்குத் தைரொயிட் சரி, ஸ்கானில பீசிஓஎஸ் தெரிஞ்சது, அம்மா "உனக்கு எப்பவும் உப்பிடித்தான்" எண்டு சொன்னதுக்குப் பேர் அது தான் போல. அவசரத்துக்குப் போடுற கருத்தடைக் குளிசை அந்த மாசத்தைக் குழப்பும், மூண்டு மாசக் கருத்தடை ஊசி போட்ட ஆக்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் படுறதும் வராமலே விடுறதும் வழமை. பால் குடுக்கிற அம்மாமார் பீரியட் வராட்டில் பிள்ளை தங்காது எண்டு நினைக்கினம், முதல் பீரியட் வர முதலே முட்டை வந்திடலாம், அப்பிடித் தங்கின ஆக்கள் எங்கட ஒழுங்கையிலயே இருக்கினம். மூண்டு மாசமா வரேல்லை, 21 நாளுக்குள்ளயே திரும்பத் திரும்ப வருது, எட்டு நாளுக்கு மேல இழுக்குது, இடையில படுது, ஒண்டா இருந்த பிறகு படுது எண்டால் காட்டோணும். எங்கட அம்மாமாருக்கு மாதவிடாய் நிண்டு ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு துளி பட்டாலும் காட்டோணும், அவை தான் இதை ஒளிக்கிறது கூட. 35 தாண்டின ஆக்களுக்கு எம்ஓஹெச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில சுகவனிதையர் பரிசோதனை, பொம்பிளையளுக்கு மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பாக்கிறது, காசில்லாமல் செய்வினம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, தனியப் போகச் சொன்னால் போகமாட்டினம்.

கலியாணம் முடிக்காத பிள்ளையளுக்கும் ஒண்டு சொல்லோணும். டொக்டர் "கர்ப்பமா இருக்கச் சான்ஸ் இருக்கோ" எண்டு கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ, அம்மா பக்கத்தில நிண்டால் "நான் தனியக் கதைக்கலாமோ" எண்டு கேளுங்கோ. ஊர்ப் பாமசியில வாங்க வெக்கம் எண்டால் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்குங்கோ, அதில ஒரு பிழையும் இல்லை. வாங்காமல் இருக்கிறது தான் பயம்.

என்ர நேர்த்தியைப் பற்றி மாமி பிறகு ஒருநாள் தானாக் கதைச்சவா. "பிள்ளை, இனி உந்தக் குளிசை ஒண்டும் போடாத, வாற நேரம் வரட்டும், முருகன் எங்கயும் போகான்" எண்டு. கனக்க வீட்டில மாமிமார் இதைச் சொன்னால் கனக்கப் பொம்பிளையள் அந்தக் கடதாசிச் சுருளோட வரமாட்டினம். போடத்தான் வேணும் எண்டால் டொக்டரிட்டக் கேட்டுப் போடுங்கோ, தொடங்க முதல் ஒரு ரெஸ்ட் பண்ணுங்கோ, நிப்பாட்டி ஒரு கிழமையில வராட்டி திரும்பப் பண்ணுங்கோ, வந்தது எத்தினை நாள் எவ்வளவு எண்டு எழுதுங்கோ.

இப்ப குசினிக் கலண்டரில சிவப்புப் பேனையால என்ர திகதியும் இருக்கு. வடிவா வந்த நாளுக்கு வட்டம், சும்மா பட்ட நாளுக்குப் புள்ளி, ஒண்டா இருந்த நாளுக்கு ஒரு மூலையில சின்னக் கோடு, அது என்னெண்டு இவருக்கும் எனக்கும் தான் தெரியும். ஃபோனில ஆப்பும் இருக்கு, ஆனா அது அடுத்தது இண்டைக்கு எண்டு சொல்லுறதை என்னை மாதிரி நாள் மாறுற ஆக்கள் நம்பேலாது, எழுதி வைக்க மட்டும் நல்லது. டொக்டர் ஓம் எண்ட பிறகு மிட்வைஃப் அக்கா திரும்ப ஃபோலிக் அசிட் தந்திட்டா, ஒருக்காக் குழாயில தங்கினபடியால் அடுத்த முறை கோடு வந்தவுடன தனக்குச் சொல்லோணும், கெதியா ஸ்கான் பண்ணிக் கருப்பையுக்குள்ள தான் இருக்கோ எண்டு பாக்கோணும் எண்டும் சொல்லி வைச்சிருக்கிறா.

இண்டைக்கு 36ம் நாள். கலண்டரில இருக்கிற கடைசிக் கோட்டில இருந்து எண்ணினால் 16. ஸ்ட்ரிப் அலுமாரியில உறை உடைக்காமல் இருக்கு, இவர் நேற்றும் "பாப்பமோ" எண்டு கேட்டவர், செவ்வாய்க்கிழமை விடிய எண்டு சொல்லியிருக்கிறன்.